என் மகனுக்கு அங்கே போட்ட படையல்

மந்தாரக்குப்பத்தில் மாடி வைத்து ஒரு வீடு கட்டினேன். முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில், முந்திரிகூடச் சரியாகப் பிடிக்காத ஒரு செம்மண் மேட்டை வாங்கி நர்சரி போட்டேன். அங்கே தண்ணீர் கிடையாது என்று மூன்று பேர் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடந்து பார்த்துச் சொன்னார்கள். அதே இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் எத்தனையோ குவார்ட்டர்ஸ் வாசலில் இன்று காய்த்து நிற்கிற சப்போட்டா மரங்கள் நான் கொடுத்த கன்றுகள். பஸ் நிற்கிற இடத்தில் பூக்கடை வைத்தேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் என் மாலை இல்லாமல் நடந்த கல்யாணமும் குறைவு, சாவும் குறைவு. தங்கைகள் இரண்டு பேரைக் கட்டிக் கொடுத்தேன். கடைசியாக ஒரு மெக்கானிக்கல் என்ஜினீயரை உண்டாக்கினேன்.

இவ்வளவையும் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு களைக்கொட்டு. அதை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் தோட்டங்களில் புல் செதுக்கக் காண்ட்ராக்ட் ஆளாகப் போனேன். அங்கே பெரிய வீட்டம்மாக்கள் வேண்டாம் என்று கிள்ளிப் போட்ட கிளைகளைப் பொறுக்கி வந்து, எண்ணெய் டின்னில் நட்டு, வேர் விட வைத்து, அவர்களுக்கே திரும்ப விற்றேன். என் தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த என்ஜினீயர் இப்போது இல்லை. மெக்ஸிகோ நாட்டில் ஒரு வீட்டில் அவனுக்குப் படையல் போடுகிறார்கள். அந்தப் படையலில் எனக்கு இடம் இல்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மற்றதெல்லாம் வழியில் வருவது.

இதற்கு முதல் கோணல் என் கையாலேயே விழுந்தது. அவன் படிப்பு முடித்து, மோட்டார் பாகம் செய்கிற கம்பெனியில் சேர்ந்து, வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஆனபோது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட மந்தாரக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் தட்டிக்கொண்டே கேட்டார்.

"சர்நேம் இன்னா போடட்டுங்க?"

"அப்படின்னா?"

"குடும்பப் பேருங்க. வடக்க இருக்கறவங்க பட்டம் போடுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பட்டம் என்றால் சாதிப் பட்டம் என்று எனக்குத் தெரியும். பட்டம் வைத்திருந்தவர்கள் நிலத்தில்தான் என் அப்பா குனிந்து கிடந்தார். எங்களைக் கூப்பிட அவர்கள் வைத்திருந்த சொல்லும் எனக்குத் தெரியும்.

"எங்க கிட்ட அதெல்லாம் கெடையாது. காலியா வுடு," என்றேன்.

என் மகன் சொன்னான், "யப்பா, பட்டந்தான்னு இல்ல. அப்பா பேரப் போடலாமாம். எங்கூட வேல செய்யறவனுங்க அப்படித்தான் போட்டிருக்கானுங்க. ஒம் பேரப் போடட்டுமா?"

"எம் பேரு எதுக்குடா? நீ சம்பாரிச்ச பேரு ஒனக்கு இருக்குது. அத வச்சிக்கினு நில்லு."

பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். அப்பன் பெயரைத் தூக்கிக்கொண்டு போகிறவன் இல்லை என் பிள்ளை என்று அந்த ஆளுக்கும் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கட்டம் காலியாகவே போனது. அதற்குள் என் பெயர் போக வேண்டியிருந்தது என்பது எனக்கு எட்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அவனை அனுப்பிய ஊரின் பெயர் புவெப்லா. அங்கே கார் தொழிற்சாலைகள் நிறைய. இங்கே காலை ஏழு என்றால் அங்கே முந்தைய நாள் மாலை ஏழரை. நான் முதல் ஷிப்ட் ஆட்கள் பஸ்ஸுக்குப் போனதும் கடையைத் திறந்து உட்காரும் நேரத்தில் அவன் வேலை முடிந்து வீடியோவில் வருவான். அந்த ஊரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகத்தான். ஆனால் இந்த மந்தாரக்குப்பத்தில் மெக்ஸிகோவைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது, அதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

அவன் ஜன்னலில் ஒரு மலை தெரியும். உச்சியில் பனி, அதற்கு மேல் புகை. நம் ஊரில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவன், அதனால் அவனுக்கு அது புதுசாக இல்லை. "நம்ம வூட்டு மொட்ட மாடில நிக்கற மாரியே இருக்குதுப்பா," என்பான். அந்த மலையின் பெயருக்கே அவர்கள் பழைய மொழியில் புகைகிற மலை என்றுதான் அர்த்தமாம். சில நாள் சாம்பல் பறந்து வந்து கார்களின் மேல் படியும். அடிவாரத்து ஜனங்கள் அதை ஒரு கிழவனாக நினைத்துப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் அந்தக் கிழவனுக்குப் பிறந்தநாள். மேலே ஏறிப் போய்ப் புதுத்துணியும் பழமும் சோறும் வைத்துக் கும்பிட்டு, கோபப்படாதே என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு அந்த ஜனங்கள் அந்நியமாகத் தோன்றவில்லை. நாங்களும் போகிக்குச் செத்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைக்கிறவர்கள்தான்.

சோளம்தான் அவர்களுக்குச் சோறு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோலைக் கழற்றி அரைத்து அடை மாதிரித் தட்டுகிறார்கள். சுண்ணாம்பு போடாவிட்டால் அந்தச் சோளத்தில் உள்ள சத்து உடம்பில் ஒட்டாதாம். எந்தப் பள்ளிக்கூடமும் இல்லாத காலத்திலேயே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். படிக்காதவன் கண்டுபிடித்ததைப் படித்தவன் பின்னால் வந்து சரி என்று சொல்லியிருக்கிறான். எல்லா ஊரிலும் அப்படித்தான்.

ஒரு நாள் சந்தைக்குள் நடந்துகொண்டே பேசினான். போனைத் திருப்பிக் காட்டினான். கேந்திப்பூ, சிலர் செண்டுமல்லி என்பார்கள், அது வண்டி வண்டியாகக் குவிந்து கிடந்தது.

"எந்த நாட்டுலேர்ந்துடா எறக்குறானுங்க இவ்ளோ பூவ?"

"எறக்குறதா? இதுக்குப் பொறந்த ஊரே இதாம்பா. இங்கேர்ந்துதான் அங்க வந்துது."

"டேய், கேந்தி நம்ம பூவுடா. சாமிக்குப் போடறோம்."

"சாமிக்குப் போட்டா நம்மளுதாயிடுமா? சம்பங்கி இந்த ஊருது. நீ வித்த சப்போட்டா இந்த ஊருது. வேலிக்கு வைக்கறியே சவுண்டல், அது. கொய்யா, பப்பாளி, தக்காளி, மொளகா..."

"மொளகாயுமா?"

"மொளகாயுந்தான்."

"அப்பறம் நம்ம ஆளுங்க முன்னாடி இன்னாத்த போட்டுக் கொழம்பு வச்சானுங்க?"

"மொளகு. அதனாலதான் அதுக்கு மொளகாய்னு பேரு வச்சானுங்களோ என்னமோ."

"முந்திரி?"

"அது பிரேசில். இன்னும் கீழ போவணும்."

"பலாவாவது நம்மளுதாடா, இல்ல அதையும் புடுங்கப் போறியா?"

"பலா நம்மளுதுதான். பண்ருட்டிய ஒண்ணும் பண்ணல, பயப்படாத."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நாற்பது வருஷம் என் கையில் புரண்ட செடிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிட்டது. கல்யாண மாலையில் சம்பங்கி, சாவு மாலையில் கேந்தி. ஐரோப்பாக்காரன் கப்பல் அவற்றைக் கொண்டுவராமல் இருந்தால் என் கடையில் விற்க என்ன இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். துளசியும் மல்லியும் மிஞ்சின. பிறகு ஆறுதல் சொல்லிக்கொண்டேன். கப்பல் விதையைத்தான் கொண்டுவந்தது. இந்தச் செம்மண்ணில் அதை மாலையாக்கியவன் யார்?

அங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவளுடைய அப்பாவும் நர்சரிக்காரர். தொட்டியில் செடி வாங்கப் போன இடத்தில் பழக்கமாம். நர்சரியிலிருந்து தப்பித்து ஓடியவன் நர்சரியிலேயே போய் மாட்டினான் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவள் நல்ல பெண். "மாமா" என்ற ஒரு வார்த்தையை மட்டும் கற்றுக்கொண்டு, அதையே சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் வைத்துக்கொண்டாள். பேத்தி பிறந்தாள். கொஞ்சம் வளர்ந்ததும் அந்த நாட்டுக் கொடியை வரைந்து காட்டினாள். சப்பாத்திக்கள்ளி மேல் கழுகு, அதன் வாயில் பாம்பு. அதற்கு என் மகன் கதை சொன்னான். நாடோடியாகத் திரிந்த ஒரு கூட்டத்துக்கு, இந்தக் காட்சியை எங்கே பார்க்கிறீர்களோ அங்கே ஊர் கட்டுங்கள் என்று அவர்கள் சாமி சொல்லியிருந்ததாம். பார்த்த இடம் ஏரி நடுவில் ஒரு திட்டு. சேற்றை வாரிக் குவித்து, தண்ணீருக்குள்ளேயே பாத்தி கட்டி, அதில் பூவும் காயும் விளைத்துப் பெரிய நகரமே எழுப்பினார்கள். யாரும் வேண்டாம் என்று விட்ட இடம். அதைக் கேட்டதும் எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. அவர்களுக்கு ஏரி, எனக்குச் செம்மண் மேடு. பிற்பாடு ஸ்பெயின்காரன் வந்து அந்த நகரத்தை இடித்து, அதன் மேலேயே தன் நகரத்தைக் கட்டிக்கொண்டான். முதலில் சேறு சுமந்தவன் பெயர் யாருக்குத் தெரியும்?

பேத்தியின் பெயரைப் பதிந்தபோதுதான் அந்தக் காலிக் கட்டம் திரும்ப வந்து நின்றது. அந்த நாட்டில் எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர். அப்பாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று. கல்யாணமானாலும் பெண் தன் பெயரை விடுவதில்லை. என் மகனிடம் குடும்பப் பெயர் கேட்டால் பாஸ்போர்ட்டில் ஒன்றும் இல்லை. ஒரே பெயர்க்காரன் என்று அலுவலகத்தில் வேடிக்கையாகப் பார்த்தார்களாம். கடைசியில் அவன் பெயரையே குடும்பப் பெயராக எழுதினார்கள்.

"ஒம் பேரு இருந்திருந்தா பாப்பா பேர்ல ஒட்டிக்கினு இருந்திருக்கும்பா. அதோட புள்ளைக்கும் போயிருக்கும்," என்றான்.

"போவட்டும்டா. ஒம் பேரு இருக்குதுல்ல," என்றேன்.

சொன்ன பிறகு கடைக்குள் போய், சும்மா கிடந்த நாரை எடுத்து முடிச்சுப் போட்டு முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கூலிக்காரன் மகனின் பெயர் கடல் தாண்டி ஒரு குடும்பத்துக்கே பெயராகியிருக்கும். அதை வேண்டாம் என்று சொன்னவன் நானே.

அதற்கு நாலு வருஷம் கழித்து, ஒரு மழை நாளில், வேலைக்குப் போகிற வழியில் லாரி மோதி இறந்துபோனான்.

என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. எல்லாம் சம்பாதித்தவன் என்று சொன்னேன் அல்லவா, அது ஒன்று சம்பாதிக்கவில்லை. கடையில் உட்கார்ந்து, மாலை கட்டுகிற நாரின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, என் பிள்ளையின் இறுதிச் சடங்கைப் பார்த்தேன். சம்பங்கியும் கேந்தியும் அவன் மேல் போட்டார்கள். என் கடைப் பூ இல்லை, அந்த ஊர்ப் பூ. அவனோடு வேலை செய்த காடாம்புலியூர்ப் பையன் ஒருவன் சாம்பலில் பாதியை எடுத்து வந்தான். கடலூரில் கரைத்தோம். மீதிப் பாதி அங்கே மருமகள் வீட்டில்.

அக்டோபர் வந்தது. அந்தக் காடாம்புலியூர்ப் பிள்ளை அவள் வீட்டிலிருந்து பேசினான். ஸ்பானிஷும் தெரிந்தவன். எங்களுக்கு நடுவில் அவன்தான் வாய்.

செத்தவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார்கள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. நவம்பர் முதல் தேதி குழந்தைகள், இரண்டாம் தேதி பெரியவர்கள். விபத்தில் போனவர்களுக்குத் தனி நாள், அக்டோபர் இருபத்தெட்டு. அவர்கள் எதிர்பாராமல் போனவர்கள், அதனால் முன்னாலேயே வருகிறார்களாம். தெருவிலிருந்து வீட்டு உள்ளே வரைக்கும் கேந்தி இதழைக் கொட்டிப் பாதை போடுகிறார்கள். அந்த வாசனையும் நிறமும் பார்த்து வழி கண்டுபிடிப்பார்கள். படிப்படியாக மேடை வைத்து, போட்டோ வைத்து, மெழுகுவத்தி, உப்பு, சாம்பிராணி மாதிரி ஒரு பிசின், நடந்து வந்த தாகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். பிறகு அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு.

"பெரியப்பா, அண்ணி ஒண்ணு கேக்கறாங்க," என்றான் அந்தப் பிள்ளை. "இங்க சாப்ட்டதெல்லாம் அவங்களுக்குத் தெரியுமாம். சின்ன வயசுல அண்ணன் ஆசையா இன்னா சாப்புடுவாரு? அதையும் வைக்கணுமாம். அத நீங்கதான் சொல்லணும்."

நான் யோசிக்கவே இல்லை. "ஆட்டுக்கறி. ஞாயித்துக்கெழம ஆனா நான் தவறாம வாங்கியாந்துடுவேன். கறி இல்லாம அவனுக்குச் சோறு எறங்காது."

அந்தப் பிள்ளை உடனே மொழிபெயர்க்கவில்லை.

"பெரியப்பா, அண்ணன் கறியே சாப்புட மாட்டாரே. காலேஜ் ஹாஸ்டல்லேர்ந்தே சாப்புட மாட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும்."

கடையில் என்னோடு இருபத்தைந்து வருஷமாக மாலை கட்டுகிற அம்மா ஒருத்தி உண்டு. எங்கள் பக்கத்து ஊர்க்காரி, என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவள். அவள் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"அம்மா செத்த பொறவு அவன் கறியத் தொடல அண்ணே."

"யாரு சொன்னது ஒனக்கு?"

"யாரு சொல்லணும்? ஞாயித்துக்கெழம நீ ஆக்கி வச்சிட்டு நர்சரிக்குப் போயிடுவ. அவன் தூக்குல போட்டுக்கினு வந்து எனக்குக் குடுத்துடுவான். எம் புள்ளைங்க வளந்ததே ஒன் வூட்டுக் கறியிலதான். அவன் இங்க ஒக்காந்துக்கினு காய் கொய்யாவுல உப்பும் மொளகாத்தூளும் தொட்டுத் தின்னுவான். அதான் அவனுக்கு உசுரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்றது? நீ நின்னு கேக்கற ஆளா? செடிக்குத் தண்ணி ஊத்துற நேரம்னு வண்டிய எடுத்துடுவ."

என் மனைவி இறந்தபோது அவன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். அத்தனை வருஷமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையில் நின்று, நல்ல தொடைக்கறியாகப் பார்த்து வாங்கிவந்தேன். சட்டி காலியாக இருந்ததைப் பார்த்து, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று திருப்தியாக இருந்தேன்.

காடாம்புலியூர்ப் பிள்ளை கொய்யா விஷயத்தை அவளிடம் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அங்கேயும் பழத்தில் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்டுத்தான் தெருவில் விற்கிறார்கள். அவன் தினமும் வண்டிக்காரனிடம் வாங்கித் தின்பானாம். தன் ஊர்தான் அவனுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "அந்தம்மாவுக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொல்றாங்க," என்றான் அவன். மாலை கட்டுகிறவள் போனைப் பார்த்து, பூவில் ஈரமான கையை எடுத்துக் கும்பிட்டாள்.

இருபத்தெட்டாம் தேதி மாலை அங்கே, இங்கே இருபத்தொன்பது காலை, படையலைக் காட்டினார்கள். நான் குளித்து, வேட்டி கட்டி, கடையைத் திறக்காமல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கேந்தி இதழ்ப் பாதை வாசலில் ஆரம்பித்து வளைந்து உள்ளே போயிற்று. நான் தொழில் தெரிந்தவன், ஒரு குறை சொல்ல முடியாது. அவள் அப்பா தோட்டத்துப் பூ. மேல் படியில் என் மகன். அவன் பக்கத்தில் என் மனைவி. அவன் பர்சில் வைத்திருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். கீழ்ப் படியில் ஒரு தட்டு நிறைய நறுக்கிய கொய்யா, மேலே மிளகாய்த்தூள். போட்டோவுக்குக் கீழே ஓர் அட்டை, வண்ணக் காகிதத்தை வெட்டி ஓரம் ஒட்டியிருந்தார்கள். எழுத்து அழகாக இருந்தது.

"அதுல இன்னா எழுதியிருக்குது, படி," என்றேன்.

அவன் படித்தான். என் மகன் பெயர். அன்புக் கணவர் என்று மட்டும், அவள் பெயர் இல்லை. அன்புத் தந்தை என்று மட்டும், பேத்தி பெயரும் இல்லை. இன்னாளின் மகன் என்று என் மனைவி பெயர். கடைசியில், இந்தியாவில் பிறந்தவர்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் பெரியப்பா."

"எம் பேரு?"

அவன் அவளிடம் கேட்டான். அவள் ரொம்ப நேரம் பதில் சொன்னாள், நடுவில் மாமா, மாமா என்று இரண்டு தடவை வந்தது.

"பெரியப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. இது செத்தவங்களுக்கு வைக்கற எடமாம். உசுரோட இருக்கறவங்க படமோ பேரோ வைக்க மாட்டாங்களாம். ஒங்களுக்கு ஆவாதுன்னு பயப்படறாங்க. ஒங்க காலத்துக்கு அப்பறம் ஒங்க படம் கண்டிப்பா வைப்பாங்களாம், அண்ணனுக்குப் பக்கத்துலயே."

"அப்ப நான் செத்தாதான் அவனுக்கு அப்பனா? கேளு."

அவன் கேட்கவில்லை. நான் இன்னொரு தடவை சொன்னேன். பேத்தி போனுக்கு முன்னால் வந்து கை ஆட்டினாள். அவளுக்கு அப்போது நாலு வயது. என்னை யார் என்று அவளுக்குச் சொல்லியிருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. நான் போனை அணைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பேச்சு குறைந்துபோயிற்று. அவள் கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. பிறகு அவளும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். காடாம்புலியூர்ப் பிள்ளைதான் எப்போதாவது செய்தி அனுப்புவான். குளிர் ஆரம்பிக்கும்போது வடக்கேயிருந்து இரண்டு நாடு தாண்டி ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சிகள் லட்சக்கணக்கில் அந்த நாட்டு மலைகளுக்கு வந்து மரம் தெரியாமல் மூடிவிடுமாம். செத்தவர்கள்தான் அப்படி வருகிறார்கள் என்று அங்கே சிலர் சொல்வார்களாம். அந்தப் படத்தை அனுப்பியிருந்தான். கீழே, அண்ணனும் வந்திருப்பாரு பெரியப்பா, என்று எழுதியிருந்தான். வந்தால் அந்த வீட்டுக்குத்தான் வருவான். பாதை அங்கேதானே போட்டிருக்கிறது. நான் போகிக்கு வேட்டி சட்டை வைத்துப் படைத்தேன். எதை வைப்பது என்று தெரியவில்லை, கொய்யாவை வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அது அடுத்தவள் சொல்லித் தெரிந்துகொண்டது. வெறும் சோறும் சாம்பாரும் வைத்தேன்.

ஒரு வருஷமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் சொத்து இருக்கிறது, அதை அனுபவிக்க ஆள் இல்லை. ஒரு வீடு நிறைய அறை இருக்கிறது, ஓர் அறையில்தான் விளக்கு எரிகிறது. நர்சரியை ஒரு பையனுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டேன், அவன் என்னைக் கேட்காமலே சவுண்டல் வேலியை வெட்டிவிட்டான். நான் கை வைத்த எதுவும் வைத்த இடத்தில் நிற்கவில்லை. மாலை கட்டுகிறவள் சொன்னது சரிதான், நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் அவன் ஹாஸ்டல் கட்டணம் எங்கிருந்து வந்திருக்கும்? இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது. செய்திருக்க முடியுமோ என்று இப்போது தோன்றுகிறது. இந்த எண்ணத்துக்கு மருந்து இல்லை.

அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. வழக்கம் வழக்கம்தான். என் படத்தை வைக்காதே. எனக்கு மெழுகுவத்தி ஏற்றாதே, தண்ணீர் வைக்காதே, எனக்குப் பிடித்ததை யாரிடமும் விசாரிக்காதே, அது எதுவும் எனக்கு இப்போது வேண்டாம். ஆனால் அந்த அட்டையில் எழுதுவது உயிரோடிருக்கிற என்னைப் பற்றி இல்லை. செத்துப்போன அவனைப் பற்றி. அவன் யாருக்குப் பிறந்தான் என்பது அவனுடைய செய்தி. அதில் பாதியை எழுதி மீதியை விட்டால் அது பொய்.

என் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்து, இன்று காலை காடாம்புலியூர்ப் பிள்ளைக்கு அனுப்பிவிட்டேன். ஊர் பெயரையும் சேர்த்திருக்கிறேன். இந்தியா என்று எழுதினால் போதாது, இந்தியாவில் எத்தனையோ பேர் பிறக்கிறார்கள். இந்த அக்டோபர் இருபத்தெட்டுக்கு முன்னால், என் மனைவி பெயர் இருக்கிற அதே வரியில், அதே அளவு எழுத்தில், அவனுக்கு அப்பன் இன்னான், ஊர் நெய்வேலி என்று எழுத வேண்டும். எழுதி, அதைப் பேத்திக்கு ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். நான் இருக்கும்போதே.